தேய்ந்த பின்பக்க ஆயில் சீலும் வழுக்கும் கிளட்ச்சும்: கியர்பாக்ஸை வீட்டிலேயே இறக்கலாமா?

கறைக்கை எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியர்களும் கொண்ட, முன்சக்கரங்கள் இழுக்கும் சிறிய கார். கிளட்ச் கேபிளால் இயங்குவது. இதுவரை 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கிளட்ச் பிளேட் வண்டியோடு வந்ததுதான், இன்னும் மாற்றவில்லை. சில மாதங்களாக நான்காம், ஐந்தாம் கியர்களில் மேடு ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜினின் சுற்று மட்டும் ஏறுகிறதே தவிர வண்டி வேகம் எடுப்பதில்லை. அதோடு, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் எண்ணெய் கோத்து நிற்கிறது. இரவில் வண்டிக்கு அடியில் விரித்து வைக்கும் அட்டையில் காலையில் ஏழெட்டுச் சொட்டுகளைக் காண்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு பணிமனையில் காட்டியபோது வால்வு கவர் பேக்கிங்தான் காரணம் என்று சொல்லி அதை மாற்றிக் கொடுத்தார்கள். ஒழுக்கு நிற்கவில்லை. கிராங்க் ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் இன்ஜினின் முதன்மைத் தண்டு) பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் ஆயில் சீல் தேய்ந்து, அந்த எண்ணெய் கிளட்ச் பிளேட்டில் பட்டுத்தான் வழுக்குகிறது என்பது என் எண்ணம். கிளட்ச்சுக்காக எப்படியும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும் என்பதால் இரண்டையும் ஒரே மூச்சில் வீட்டிலேயே முடித்துவிட நினைக்கிறேன். பிரேக், சஸ்பென்ஷன், ஆக்சில் பூட் ஆகிய வேலைகளை முன்பே செய்திருக்கிறேன். கியர்பாக்ஸை மட்டும் இறக்கியதில்லை. இரண்டு டன் ஜாக்கியும் நான்கு ஸ்டாண்டுகளும் டார்க் ரெஞ்ச்சும் கைவசம் உள்ளன.

நான் அறிய விரும்புவது இவை: பின்பக்க சீல்தான் குற்றவாளி என்று பிரிப்பதற்கு முன்பே உறுதி செய்ய வழி உண்டா? கியர்பாக்ஸை இறக்கும்போது இன்ஜினை எதைக் கொண்டு தாங்குவது? கையோடு வேறு எந்தெந்த சீல்களை மாற்றிவிடுவது நல்லது?

மூன்றாம்கியர் எழுதியது:

ஐயா, ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள். நீங்கள் சொல்லும் இடம் இன்ஜினின் மிகத் தாழ்வான பகுதிகளில் ஒன்று. வால்வு கவரில் கசிந்தாலும், கேம் ஷாஃப்டின் முனை சீலில் கசிந்தாலும், ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சில் கசிந்தாலும், எண்ணெய் பிளாக்கின் மேல் வழிந்து அங்கேதான் வந்து சேரும்; பழி பின்பக்க சீலின் மேல் விழும். உங்கள் பணிமனைக்காரர்கள் மேலே பார்த்தது தவறில்லை, மாற்றிய பிறகு கீழே பார்க்காமல் விட்டதுதான் தவறு.

இன்ஜினின் அடிப்பகுதியை டீகிரீசர் போட்டுக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். சேரும் கோட்டின் மேற்பகுதியிலும் பிளாக்கின் பக்கவாட்டிலும் முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லியதாகத் தூவி, இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மேலிருந்து வந்தால் வெள்ளைப் பவுடரின் மேல் கோடு கிழித்ததுபோல் எண்ணெய் வழிந்த தடம் தெரியும். மேலே முழுவதும் உலர்ந்திருந்து, பெல் ஹவுசிங்கின் (கிளட்ச்சை மூடியிருக்கும் கியர்பாக்ஸின் கூடு) அடியிலுள்ள சிறு துளையிலிருந்தோ தகர மூடியின் ஓரத்திலிருந்தோ மட்டும் சொட்டினால் உள்ளேயிருந்துதான் வருகிறது.

உள்ளேயிருந்து வருவதெல்லாம் இன்ஜின் ஆயில் என்றும் சொல்ல முடியாது. அந்தச் சொட்டை வெள்ளைத் துணியில் எடுத்து முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலுக்கு அதில் சேர்க்கப்படும் கந்தகத்தின் நெடி உண்டு. ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். அந்த நெடி அடித்தால் கசிவது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜினின் சுழற்சியை உள்ளே வாங்கும் தண்டு) சீல். உங்களுடையது கேபிள் கிளட்ச் என்பதால் மூன்றாவது ஐயம் இல்லை. ஹைட்ராலிக் வண்டிகளில் உள்ளே அமர்ந்திருக்கும் சிலிண்டரிலிருந்து பிரேக் ஃபுளூயிட் கசிவதும் இதே துளை வழியாகத்தான் வெளியே வரும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி இறங்கும் வாயு கிராங்க் கேஸில் சேர்கிறது. அதை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்புவதற்காகத்தான் பி.சி.வி. வால்வும் அதன் குழாயும் இருக்கின்றன. அவை கசடால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீலின் உதடு இளைத்திருக்கிறதோ அதன் வழியாக எண்ணெயை வெளியே தள்ளும். அப்படிப்பட்ட இன்ஜினில் புது சீலைப் போட்டாலும் சில மாதங்களில் மறுபடி நனையும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தத் திறப்பின் மேல் மெல்லிய பாலித்தீன் தாளை வைத்துப் பாருங்கள். தாள் லேசாக உள்ளிழுக்கப்பட்டால் நல்லது. உப்பி எழுந்தால் முதலில் அந்த அடைப்பை நீக்குங்கள். வால்வும் குழாயும் சுத்தமாக இருந்தும் தாள் உப்பினால் ரிங்குகளே தேய்ந்துவிட்டன என்று பொருள். அப்போது சீலை மாற்றுவது வீண் வேலை.

கறைக்கை எழுதியது:

மிக்க நன்றி. சொன்னபடியே செய்தேன். பவுடர் தூவிய பகுதி முழுவதும் உலர்ந்தே இருந்தது. பாலித்தீன் தாள் உப்பியது, பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்தபோது உள்ளே மணி ஆடும் ஓசையே கேட்கவில்லை, குழாயும் தார்போல் இறுகிய கசடால் பாதி அடைந்திருந்தது. வால்வைப் புதிதாகப் போட்டுக் குழாயைக் கழுவிய பின் தாள் உள்ளிழுக்கப்படுகிறது. ஏழெட்டாக இருந்த சொட்டு இரண்டு மூன்றாகக் குறைந்துவிட்டது, ஆனால் நிற்கவில்லை. துணியில் எடுத்தது கறுப்பாக இருக்கிறது, கந்தக நெடி இல்லை. ஆகவே பின்பக்க சீல்தான் என்ற முடிவுக்கு வருகிறேன். வழுக்கல் அப்படியேதான் இருக்கிறது.

நெம்புகோல் எழுதியது:

முடிவு சரி. எண்ணெய் ஊறிய கிளட்ச் பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். நார்ப்பகுதி உறிஞ்சிய எண்ணெய், சூடேறும்போதெல்லாம் மேலே வந்துகொண்டே இருக்கும். பிளேட், அதை ஃபிளைவீலோடு (கிராங்க்கின் முனையிலுள்ள கனமான சக்கரம்) அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே செட்டாக வாங்குங்கள். பேரிங் மட்டும் நன்றாகத்தானே சுழல்கிறது என்று பழையதையே போட்டவர்கள், அது இரையத் தொடங்கியதும் அதற்காகவே இன்னொரு முறை கியர்பாக்ஸை இறக்கியிருக்கிறார்கள்.

முதல் வேலையாக பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்; ஸ்டார்ட்டர் மோட்டாரின் தடித்த வயர் நேராக பேட்டரியிலிருந்து வருவது. வண்டி சமதளத்தில், ஸ்டாண்டுகளின் மேல் நிற்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கே தவிரத் தாங்குவதற்கு அன்று. இந்த வேலையில் உள்ளே படுத்துக்கொண்டு போல்ட்டுகளை முழு பலத்தோடு இழுக்க வேண்டியிருக்கும் என்பதால், அடியில் நுழையுமுன் வண்டியைப் பக்கவாட்டில் பிடித்து உலுக்கி, அசையவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்ட்டைக் கழற்றியவுடன் இன்ஜின் அந்தப் பக்கம் சாயும். இரு ஃபெண்டர்களின் விளிம்பிலும் அமர்ந்து மேலிருந்து சங்கிலியால் பிடிக்கும் குறுக்குச் சட்டம் கிடைத்தால் அதுவே சிறந்தது, ஏனென்றால் அடிப்பகுதி முழுவதும் உங்களுக்குக் கிடைக்கும். இல்லையென்றால் சம்ப்பின் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) அடியில் அகலமான மரப்பலகை வைத்து இரண்டாவது ஜாக்கியால் தாங்கலாம். பலகை இல்லாமல் ஜாக்கியை நேரே வைத்தால் தகர சம்ப் உள்வாங்கி, ஆயில் உறிஞ்சும் குழாயின் வாயை அடைத்துவிடும்.

கியர் ஆயிலை வடிக்குமுன் அதை ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வடித்த பிறகு அது கழலவில்லை என்று தெரிந்தால் திண்டாட்டம். ஆக்சில்கள் இரண்டையும் உருவியதும் சில கியர்பாக்ஸ்களில் டிஃபரன்ஷியலின் (இரு ஆக்சில்களுக்கும் சுழற்சியைப் பகிர்ந்தளிக்கும் பகுதி) பக்கப் பல்சக்கரங்கள் இடம் நழுவிவிடும் என்பதால் பொருத்தமான குழாய்த் துண்டையோ பழைய ஆக்சில் முனையையோ செருகி வையுங்கள். ஃபிளைவீலை நோக்கி இருக்கும் கிராங்க் சென்சாரை முன்கூட்டியே கழற்றுவது நல்லது. மறந்தால் அது உடையும். சுற்றியுள்ள போல்ட்டுகள் வெவ்வேறு நீளத்தில் இருக்கும். ஓர் அட்டையில் கியர்பாக்ஸின் உருவத்தை வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் குத்தி வைப்பது என் பழக்கம்.

கியர்பாக்ஸ் சுமார் 30 கிலோ இருக்கும். எடையைவிட அதன் கோணல் வடிவம்தான் தொல்லை தரும், ஆகவே உதவிக்கு ஒருவர் அவசியம். போல்ட்டுகளையெல்லாம் எடுத்தபின் அதை இன்ஜினிலிருந்து விலகும் திசையில் நேராக இழுத்து, இன்புட் ஷாஃப்ட் முழுவதும் வெளியே வரும்வரை எடையை நீங்களோ ஜாக்கியோ தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஏற்றும்போதும் அப்படியே, பாதி நுழைந்த ஷாஃப்ட்டின் மேல் கியர்பாக்ஸைத் தொங்கவிட்டால் புதிய பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும்.

பிரஷர் பிளேட்டைக் கழற்றியதும் ஃபிளைவீலின் முகத்தைப் பாருங்கள். நீலம் பாய்ந்த திட்டுகளும் மயிரிழை விரிசல்களும் இருந்தால் லேத்தில் கொடுத்து முகம் சீவ வேண்டும். விரிசல் ஆழமாக இருந்தால் மாற்ற வேண்டும். உங்களுடையது ஒரே துண்டாலான ஃபிளைவீலாகத்தான் இருக்கும். இரட்டை ஃபிளைவீல் என்றால் பொதுவாகச் சீவுவதில்லை. கழற்றுமுன் ஃபிளைவீலுக்கும் கிராங்க்குக்கும் சேர்த்து ஓர் அடையாளக் கோடு போடுங்கள். அதன் போல்ட்டுகளைப் புதிதாகப் போடச் சொல்லும் வண்டிகள் பல உண்டு. சில இன்ஜின்களில் அந்தத் துளைகள் உள்ளே ஆயில் இருக்கும் இடம்வரை ஊடுருவுகின்றன. அப்படியானால் மரையில் சீலன்ட் தடவாமல் முடுக்கினால், புது சீல் போட்ட பிறகும் எண்ணெய் வரும், நீங்கள் சீலைத்தான் சந்தேகிப்பீர்கள்.

இனி சீல். பழையதைப் பெயர்க்கும்போது கிராங்க்கின் பளபளப்பான பரப்பில் ஸ்க்ரூ டிரைவர் முனை ஒரு கீறல் போட்டாலும் புது சீலின் ஆயுள் அங்கேயே முடிந்தது. கருவிமுனையில் துணி சுற்றிக்கொண்டு, வெளிவிளிம்பின் பக்கமிருந்து நெம்புங்கள். எடுப்பதற்கு முன் அது எவ்வளவு ஆழத்தில் அமர்ந்திருந்தது என்பதை வெர்னியரால் அளந்து எழுதி வையுங்கள். புது சீல் எந்த வகை என்று பார்ப்பதும் முக்கியம். உதட்டைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங் உள்ள ரப்பர் சீல் என்றால், ஸ்பிரிங் தெரியும் பக்கம் இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் சுத்தமான இன்ஜின் ஆயில் தடவ வேண்டும். டெஃப்லான் உதடு கொண்ட சீல் என்றால் ஸ்பிரிங் இருக்காது, பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் வளையத்தோடு வரும். அதை எண்ணெய் தொடாமல், கிராங்க்கின் பரப்பையும் உலரத் துடைத்துவிட்டுத்தான் போட வேண்டும். அந்த உதடு ஷாஃப்ட்டின் மேல் படிந்து உருவம் எடுக்கச் சில மணி நேரம் தேவை என்பதால் உடனே இன்ஜினைச் சுழற்றக் கூடாது. ரப்பர் சீல் பழக்கத்தில் இதிலும் ஆயிலைத் தடவிவிட்டு, ஒழுகுகிறதே என்று சீல் செய்தவரைத் திட்டுவோர் அதிகம்.

பழையசாவி எழுதியது:

மேலே எழுதிய நண்பர் கைதேர்ந்தவர் என்று தெரிகிறது. நான் கெட்டுத் தெளிந்தவன். எனவே என் பங்குக்கு ஒரு தவறைச் சொல்கிறேன்.

முதன்முறை கிளட்ச் மாற்றியபோது பிளேட்டைத் திருப்பிப் போட்டுவிட்டேன். நடுவிலுள்ள ஸ்பிரிங்குகள் புடைத்து நிற்கும் பக்கம் பெரும்பாலான வண்டிகளில் கியர்பாக்ஸை நோக்கி இருக்க வேண்டும். ஃபிளைவீல் பக்கம் எது என்று பிளேட்டிலேயே பொறித்தும் இருந்தது. ஆனால் அந்த எழுத்து கண்ணில் படுமுன் இருட்டிவிட்டது, நான் முடித்துவிடும் அவசரத்தில் இருந்தேன். கியர்பாக்ஸ் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஏறியது, போல்ட்டுகள் எல்லாம் முடுக்கியாயிற்று, ஆயில் ஊற்றியாயிற்று. ஸ்டார்ட் செய்து கிளட்ச்சை மிதித்தால் எந்த கியரும் விழவில்லை, பற்கள் உரசும் ஓசை மட்டும் வந்தது. ஸ்பிரிங் புடைப்பு ஃபிளைவீல் போல்ட்டுகளின் தலையில் முட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் முழுவதும் அதே போல்ட்டுகளை அதே வரிசையில் கழற்றிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் பிளேட்டை வைத்ததும், பிரஷர் பிளேட்டை மூடுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கை கழுவி வந்து அந்தப் படத்தை நிதானமாகப் பார்த்த பிறகே மேற்கொண்டு தொடுகிறேன்.

புதிய பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவி அனுப்புவார்கள். பிரேக் கிளீனரால் துடைக்காமல் மாட்டினால் புது கிளட்ச்சும் முதல் நாளிலிருந்தே அதிரும். ஷாஃப்ட்டின் பல்வரிகளில் கிரீஸை நகத்தின் நுனியளவு தடவி, பிளேட்டை ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டி, பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். தாராளமாகத் தடவினால் சுழற்சியில் தெறித்து நார்ப்பகுதியில் விழும். பெல் ஹவுசிங்கினுள் இருக்கும் தூசியைக் காற்றடித்தோ ஊதியோ வெளியேற்ற வேண்டாம். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம்; ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

எந்தெந்த சீல்களை மாற்றுவது என்று கேட்டிருந்தீர்கள். இன்புட் ஷாஃப்ட் சீலையும் ஆக்சில் சீல்கள் இரண்டையும் ஒழுகாவிட்டாலும் மாற்றுங்கள். இன்ஜினின் முன்பக்க சீல் வேறு கதை. டைமிங் பெல்ட்டைக் கழற்றாமல் அதை எட்ட முடியாது, பெல்ட்டின் பல் ஒன்று மாறி விழுந்தாலே பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதும். முன்பக்கம் உலர்ந்திருந்தால் பெல்ட் மாற்றும் நாள்வரை அதை விட்டுவைப்பதே விவேகம். ஒரே நாளில் இன்ஜினின் இரு முனைகளையும் திறந்து போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கறைக்கை எழுதியது:

வேலை நடந்துகொண்டிருக்கிறது, முன்பக்கத்தைத் தொடவில்லை. நேற்று கியர்பாக்ஸை இறக்கினோம். பிளேட்டில் ரிவெட் தலைகள் கிட்டத்தட்ட முகத்தோடு வந்துவிட்டன, ஒரு பக்கம் எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறது. ஆக, தேய்மானம், எண்ணெய் இரண்டும்தான் காரணம். பழைய சீலின் உதட்டை விரலால் அழுத்தினால் வளையாமல் கொம்புபோல் விறைத்திருக்கிறது.

ஆனால் கிராங்க்கைத் துடைத்துப் பார்த்தபோது, உதடு ஓடிய இடத்தில் சுற்றிலும் ஒரு மெல்லிய வளையம் தெரிகிறது. நகத்தை குறுக்கே இழுத்தால் லேசாக மாட்டுகிறது. இதன் மேல் புது சீல் போடலாமா? புது சீல் ஸ்பிரிங் உள்ள ரப்பர் வகை.

நெம்புகோல் எழுதியது:

1,38,000 கிலோமீட்டருக்கு அது இயல்பே. நகம் சறுக்கிக்கொண்டு போனால் கவலையில்லை; நின்றுவிட்டால் கவலைப்பட வேண்டும். உங்களுடையது இடைநிலையில் இருக்கிறது. சீல் அமரும் குழி இடங்கொடுக்குமானால் புது சீலைப் பழைய ஆழத்தைவிட ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் முன்தள்ளியோ பின்தள்ளியோ அமர்த்துங்கள். உதடு தேயாத பரப்பில் ஓடும். முதலில் ஆழத்தை அளக்கச் சொன்னது இதற்காகத்தான். உள்ளே எண்ணெய் திரும்பும் துளை இருந்தால் அதை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் இல்லையென்றால், ஷாஃப்ட்டின் மேல் இறுக்கமாக ஏறும் கால் மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய எஃகு உறை கிடைக்கிறது. எமரித் தாளால் தேய்த்துச் சமப்படுத்த மட்டும் முயல வேண்டாம்.

அடித்து இறக்கும்போது சீலின் வெளிவிட்டத்துக்கு ஏற்ற பிளாஸ்டிக் குழாயோ பழைய சீலோ வைத்து, சுற்றிச் சுற்றி இலேசாகத் தட்டுங்கள். சுற்றிலும் நான்கு இடங்களில் ஆழத்தை அளந்து, நான்கும் ஒன்றாக வரும்வரை ஃபிளைவீலை மாட்டாதீர்கள்.

கறைக்கை எழுதியது:

சீல் ஒரு மில்லிமீட்டர் வெளித்தள்ளி அமர்ந்துவிட்டது, நான்கு பக்கமும் ஒரே அளவு. ஃபிளைவீலில் விரிசல் இல்லை; லேத்தில் முகம் சீவி வாங்கிப் புது போல்ட்டுகளோடு முடுக்கினேன். இப்போது வேறொரு சிக்கல். கியர்பாக்ஸை ஏற்றும்போது கடைசி ஒரு சென்டிமீட்டர் இடைவெளி மூடவே மாட்டேன் என்கிறது. பிளேட்டை மையப்படுத்தும் பிளாஸ்டிக் கருவியைப் பயன்படுத்தித்தான் மாட்டினேன். நீளமான போல்ட்டுகளை மாட்டி முடுக்கினால் சேர்ந்துவிடும் போல் தோன்றுகிறது.

பழையசாவி எழுதியது:

வேண்டவே வேண்டாம்! போல்ட்டால் இழுத்தால் சேரத்தான் செய்யும்; கூடவே பெல் ஹவுசிங்கின் காதும் உடையும். பல்வரிகள் ஒன்றின் மேல் ஒன்று நிற்கின்றன, அல்லது கியர்பாக்ஸ் ஓரிரு டிகிரி சாய்ந்திருக்கிறது. ஏதாவது ஒரு கியரில் போட்டு, ஆக்சில் துளை வழியாக டிஃபரன்ஷியலை மெல்லச் சுழற்றுங்கள், உதவியாளர் கியர்பாக்ஸைத் தள்ளிக்கொண்டிருக்கட்டும். சேரும் கோட்டின் இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். மேலே குறைவாகவும் கீழே அதிகமாகவும் இருந்தால் இன்ஜினைத் தாங்கும் ஜாக்கியின் உயரத்தைத்தான் மாற்ற வேண்டும். வழிகாட்டும் பின்கள் இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். எல்லாம் நேர்ப்பட்டால் டொக் என்று ஓர் ஓசையோடு கையாலேயே போய் ஒட்டிக்கொள்ளும்.

கறைக்கை எழுதியது:

கீழ்ப்பக்க இடைவெளிதான் அதிகமாக இருந்தது. பலகைக்கு அடியிலிருந்த ஜாக்கியை ஒரு விரற்கடை இறக்கி, டிஃபரன்ஷியலைச் சிறிது திருப்பியதும் அந்த டொக் கேட்டது. என் தம்பியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். கேபிளின் நட்டைத் திருகி, பெடலின் வெற்றசைவைக் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்தேன். கியர்கள் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுகின்றன.

இன்றோடு 420 கிலோமீட்டர் ஆகிறது. புது பிளேட் படியும்வரை மேட்டில் இழுத்துப் பிடிக்காமல், அடிக்கடி நின்று கிளம்பும் பாதைகளிலேயே ஓட்டினேன். நேற்றுத்தான் பழைய மேட்டில் ஐந்தாம் கியரில் ஏறிப் பார்த்தேன், வழுக்கல் இல்லை. பெல் ஹவுசிங்கின் துளையில் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தால் தூசி மட்டும் வருகிறது.

ஆனால் இன்று காலை அட்டையில், இடப்பக்கச் சக்கரத்தை ஒட்டி, பொன்னிறத்தில் ஒரே ஒரு சொட்டு இருந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தேன்: கந்தக நெடி. வேலையின்போது வலப்பக்க ஆக்சில் சீலை மட்டும் மாற்றினேன். இடப்பக்கத்துக்கு வாங்கிய சீல் அளவு பொருந்தாததால், பழையது நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். சரியான அளவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.